வாயில் அடக்கிய ஒயின்

எர்மெலிந்தா யாபுரா தன் ஆயுளில் ஆறு நாய்கள் வளர்த்தாள். ஆறுக்கும் ஒரே பெயர், காஸ்பார். ஒன்று செத்தால் அடுத்தது வரும், பெயர் மட்டும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் டான் காஸ்பார் அராயாவின் கார் சந்தை முனையைத் தாண்டும் நேரம் பார்த்து, "காஸ்பார், வெக்கங்கெட்ட நாயே, யார் வீட்டு எலும்புக்குடா அலையுற" என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி திட்டுவாள். நகராட்சியிலிருந்து ஒரு காவலர் வந்து, பெரிய மனிதர் பெயரை மொட்டையாக நாய்க்கு வைப்பது மரியாதையில்லை, மாற்றிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் மறுநாளே மாற்றினாள். அன்றிலிருந்து அந்த நாயை மரியாதையாக டான் சேர்த்து, டான் காஸ்பார் என்று கூப்பிட்டாள்.

சந்தை வாசலில் அவளுக்குக் கடை. ஊதாச் சோளத்தில் பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சும் சூடான ஆப்பியும், எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரமும் விற்பாள். எதிரே என் சைக்கிள் பட்டறை. என் பெயர் நிக்கானோர் சுபெல்சா. இவள் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சான் பெர்னாபே. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெரிய கோயில், சதுக்கம், நகர மண்டபம், அராயா வீடு. அந்தப் பக்கம் அக்கரை. நாங்கள் அக்கரைக்காரர்கள். 1574-இல் ஓர் அராயா முப்பது குதிரைகளோடு மலையிறங்கி வந்து, ஒரு மரத்தூணை நட்டு, வாளால் புல்லை வெட்டி, இங்கே நகரம் அமைக்கிறேன், எதிர்ப்பவர் எவரேனும் உண்டா என்று மூன்று முறை கேட்டாராம். எதிரே அக்கரையின் பதிமூன்று வீட்டுத் தலைவர்கள் நின்றார்களாம். ஒருவரும் எதிர்க்கவில்லையாம். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூட அவர்களுக்குத் தெரியாது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. கேள்வியே புரியாமல் நின்றவர்களைச் சம்மதித்தவர்கள் என்று எழுதிக்கொண்டு, அதன்மேல் ஓர் ஊரைக் கட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் பதினொன்றாம் தேதி காலையில் இதை அப்படியே நடத்துவோம். அராயா குடும்பத்தின் மூத்தவர் வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். அந்தப் பதிமூன்று வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர் எதிரே நிற்போம். நிற்பதற்கு முன் அராயா வீட்டு அம்மா வெள்ளிக் கரண்டியால் எங்கள் வாயில் ஆளுக்கு ஒரு வாய் ஒயின் ஊற்றுவார். மூன்றாவது கேள்வி முடியும்வரை அதை விழுங்கவும் கூடாது, சிந்தவும் கூடாது. முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து விழுங்குவோம். கூட்டம் கை தட்டும். இந்த ஒயின் வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்ட பிறகுதான் வந்திருக்கும் என்பது என் கணக்கு.

இது விளையாட்டு இல்லை. என் அப்பா காலத்தில் ஒருவருக்கு இரண்டாவது கேள்வியின்போது தும்மல் வந்து, ஒயின் சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. அக்கரை வயல்களுக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் மதகு அராயா திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அந்த வருடம் அது நாற்பது நாள் மூடிக் கிடந்தது. மதகில் பழுது என்று சொன்னார்கள். சோளம் பூராவும் கருகிப்போனது. அதன் பிறகு அக்கரையில் பிள்ளைகளுக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நிற்கப் பழக்கினோம். நானும் அப்படிப் பழகியவன்தான்.

1971-இல் யாபுரா வீட்டுக்காக வந்து நின்றவன் எர்மெலிந்தாவின் தம்பி செஃபெரினோ. வயது இருபத்து நான்கு, கொத்து வேலை. அவர்கள் அப்பாவுக்கு மூட்டுவலி, அதனால் முதல் முறையாக அவன் வந்தான். என் இடப்பக்கம் நின்றான். அவனுக்கு மூன்று நாளாகச் சளி. மூக்கு அடைத்திருந்தது. வரிசையில் நிற்கும்போது அதைச் சொல்லிச் சிரித்தான். மூச்சை எங்கேயாவது கடன் வாங்கிக்கொள் என்று நானும் கேலி செய்தேன். இந்தச் சின்ன விஷயத்துக்காக யாராவது வராமல் இருப்பார்களா. அக்கரையில் ஒருவருக்கும் அப்படித் தோன்றாது. அதுதான் எங்கள் முட்டாள்தனம்.

அந்த வருடம் புதிதாக ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். தன் குரல் ஊரெல்லாம் கேட்கிறது என்ற சந்தோஷத்தில் டான் காஸ்பார் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் படித்தார். முதல் கேள்வி முடிந்தது. அவர் தொட்டியில் நட்டுக் கொண்டுவந்த புல்லை வாளால் வெட்டி, தூணை மூன்று தட்டுத் தட்டி, சுற்றி வந்தார். செஃபெரினோவின் முகம் சிவந்திருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டாவது கேள்வியை அவர் தொடங்கும்போது இவனுக்குப் புரையேறிவிட்டது.

அவன் துப்பியிருந்தால் பிழைத்திருப்பான். அவன் துப்பவில்லை. ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று தன் இரண்டு கையாலும் தன் வாயையே பொத்திக்கொண்டான். குனிந்தான், மண்டியிட்டான், அவன் தோள் என் முழங்காலில் மோதியது. என் வாயில் ஒயின் இருந்தது. என் மனைவி ஆறு மாதம் கர்ப்பம், என் வயலில் சோளம் விதைக்க வேண்டியிருந்தது, மதகு அவர்கள் கையில் இருந்தது. நான் நின்றேன். பன்னிரண்டு பேரும் நின்றோம்.

டான் காஸ்பார் மூன்றடி தூரத்தில் இருந்தார். அவர் படிப்பதை நிறுத்தினார். விட்ட இடம் தவறாமலிருக்க விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு செஃபெரினோவைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கும். பிறகு விரலை எடுத்துவிட்டுத் தொடர்ந்து படித்தார். இரண்டாவது கேள்வி, மறுபடி தூணைச் சுற்றி ஒரு நடை, மூன்றாவது கேள்வி, எல்லாம் முறைப்படி நடந்தன. நாங்கள் விழுங்கினோம். கை தட்டினார்கள். அப்புறம்தான் நான் குனிந்து அவனைத் தூக்கினேன். அவன் கைகள் அப்போதும் வாயின்மேல் இருந்தன.

சாவு வீட்டுக்கு அராயா வீட்டிலிருந்து நல்ல மரத்தில் ஒரு சவப்பெட்டி வந்தது. கூடவே துக்கத்துக்கு வந்தவர்கள் குடிக்கட்டும் என்று பெரிய கண்ணாடிக் குடுவையில் ஒயினும் வந்தது. யார் புத்தியில் தோன்றிய யோசனையோ. எர்மெலிந்தா அந்தக் குடுவையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பாலம் தாண்டி நடந்துபோய், அராயா வீட்டு வாசற்படியில் போட்டு உடைத்தாள். திரும்பி வந்து, என்னிடம் நேராகக் கேட்டாள், அவர் பார்த்தாரா என்று. டான் காஸ்பார் அதற்குள் ஊரில் சொல்லியிருந்தார், கண்ணில் வெயில் அடித்தது, எதுவும் தெரியவில்லை என்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியல தாயி, வெயிலு என்றேன்.

எங்கள் ஊரில் பிறந்த ஒருவரிடம் சொல்லக்கூடிய பொய்யா அது. கேள்வி கேட்பவர் கோயிலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நிற்பார். காலை ஒன்பது மணி வெயில் அவருக்குப் பின்னால் இருக்கும். எங்கள் கண்ணில்தான் அடிக்கும்.

அவள் அப்போது வாதாடவில்லை. மறுநாள் காலை கடைக்கு எதிரே என் பட்டறையில் ஒரு கோப்பை ஆப்பியை வைத்துவிட்டு, "வெயில் எந்தப் பக்கம் அடிச்சுதுண்ணே" என்று கேட்டாள். நான் குனிந்து ஒரு சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். அதற்கடுத்த நாளும் ஆப்பி வந்தது, அதே கேள்வியும் வந்தது. இருபத்திரண்டு வருடம் வந்தது. காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். குடிக்காமல் விட்டால் மாலையில் வந்து ஆறிப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு போவாள், மறுநாள் புதிதாக வைப்பாள். கோபத்தில் கல்லெறிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போலீஸில் எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். விபத்து என்று முடித்துவிட்டார்கள். பாதிரியார் மன்னித்துவிடு என்று புத்தி சொன்னார். "கேட்டா குடுக்கலாம் சாமி. கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்குறது" என்று கேட்டுவிட்டு வந்தவள், அந்தக் கோயிலுக்கு அப்புறம் போகவே இல்லை.

ஆனால் அவள் மனத்தில் விஷம் ஏறியது சாவன்று இல்லை. மறு வருடம் ஜூன் பதினொன்றாம் தேதி. எங்கள் ஊரில் விழா முடிந்ததும் அன்று நடந்ததை நோட்டரி பெரிய புத்தகத்தில் எழுதுவார், கேள்வி கேட்டவர் கீழே கையெழுத்துப் போடுவார். மறு வருடம் விழா தொடங்கும்போது, அதை அவரோ அவர் இடத்தில் நிற்கும் அராயாவோ வாய்விட்டுப் படிக்க வேண்டும். 1574-இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் எழுதியிருக்கிறோம் என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். அந்தக் காலையில் கூட்டத்தில் நின்றுகொண்டு எர்மெலிந்தா கேட்டாள். டான் காஸ்பார் தன் வாயால், ஒலிபெருக்கியில், சென்ற வருட விழா அமைதியாகவும் சமாதானமாகவும் எவருடைய எதிர்ப்பும் இன்றி நிறைவேறியது என்று படித்தார். அமைதியாக, சமாதானமாக. அவள் தம்பி இறந்த நாளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான்.

அன்று தான் கேட்டதை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் விருப்பம். டான் காஸ்பார் பார்த்தார் என்பது அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறினால் மறு வருடம் ஓர் அராயா தன் வாயால் அதை ஊருக்குப் படித்தாக வேண்டும். கத்தியால் குத்துவதைவிட இது நல்லது, குத்தினால் ஒரு நாளில் முடிந்துபோகும் என்று சந்தையில் வெளிப்படையாகவே சொல்வாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆப்பிக்காரி சொல்வதை எந்த நோட்டரி எழுதுவார்.

நகர மண்டப நடையில் ஸ்தாபகர் வகுத்த விதிகள் ஒரு பலகையில் தொங்குகின்றன. யாரும் படிப்பதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாற்பத்தோரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து, எட்டு மாதம் கழித்துப் போய் அந்தப் பலகையின் முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். காவலாளி இரண்டு முறை விரட்டினான். மூன்றாவது முறை படித்து முடித்துவிட்டாள். எதிர்ப்பவர் இருந்தால் அவர் சொல்வது கேட்கப்பட வேண்டும், கண்டவர் இன்னொருவர் அதை உறுதி சொன்னால் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. நானூறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாத விதி.

நேரே என் பட்டறைக்கு வந்தாள். அன்றைக்கு நின்ற பன்னிரண்டு பேரில் உயிரோடு இருப்பவர்கள் நாலு பேர், அவர்களில் மூன்று பேர் தூரத்தில் நின்றவர்கள் என்று சொன்னாள். "பாக்கி நீ ஒருத்தன்தாண்ணே" என்றாள். நான் ஒரு சக்கரத்தின் ஓட்டையைத் தேடிக்கொண்டே இருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது, ஓட்டை எங்கே என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, இருந்தும் தேடினேன். அவள் போய்விட்டாள். மறுநாள் காலை ஆப்பி வந்தது.

பதிமூன்று பேரில் நிற்காதவருக்குப் பேச உரிமை இல்லை. செஃபெரினோவுக்குப் பிறகு யாபுரா வீட்டு இடத்தில் அவள் சித்தப்பா மகன் நின்றான். அவளை நிற்க வைக்க எவனுக்குத் தைரியம். 1993-இல் அவன் வேலை தேடி அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டான். யாபுரா வீட்டில் மிச்சம் அவள் மட்டும்தான். அந்த வருடம் பார்த்து பிஷப் வருகிறார், தலைநகரிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். பன்னிரண்டு பேரை வைத்து விழா நடத்தினால் கேவலம். அப்போது பதிமூன்று பேருக்கும் மூத்தவன் நான். டான் காஸ்பார் என்னை வரவழைத்தார்.

எழுபது வயதிலும் நிமிர்ந்து உட்காரும் மனிதர். என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவ வாய மூடிக்கிட்டு நிப்பாளா" என்று கேட்டார்.

"வாய்ல ஒயின் இருக்கும்ல ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். வயதாகிவிட்டது, முன்போல் இல்லை, ஒரு சடங்குக்காக நின்றுவிட்டுப் போவாள் என்று நானே உத்தரவாதம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவளுக்கு ஆதரவாகப் பேசிவிட்டோம் என்று அப்போது ஒரு நிம்மதி இருந்தது. அதற்கு மேல் எதையும் நான் முடிவு செய்திருக்கவில்லை. அவளிடம் போய், உன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே தலையாட்டினாள்.

ஜூன் எங்களுக்குக் குளிர்காலம். பதினொன்றாம் தேதி காலையில் சதுக்கத்துப் புல்லெல்லாம் உறைபனி. எர்மெலிந்தா புதுப் பாவாடை கட்டி, தொப்பி வைத்து, என் இடப்பக்கம், தம்பி நின்ற கல்லில் நின்றாள். அராயா வீட்டு அம்மா கரண்டியோடு வந்தபோது நன்றாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். டான் காஸ்பார் முந்தின வருடத்துப் பக்கத்தைப் படித்தார். அமைதியாகவும் சமாதானமாகவும். பிறகு முதல் கேள்வி. அவள் அசையவில்லை. அவர் புல்லை வெட்டினார், தூணைத் தட்டினார், சுற்றி வந்தார். இரண்டாவது கேள்வியைக் கேட்டு முடித்தார்.

பக்கத்தில் மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எர்மெலிந்தா விழுங்கிவிட்டாள்.

"நான் எதிர்க்கிறேன்" என்றாள்.

கத்தவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோல் சொன்னாள். மைக் அதை வாங்கி ஊருக்கே கேட்க வைத்தது. டான் காஸ்பார் காதில் விழாதவர்போல் மூன்றாவது கேள்விக்குப் போனார். அவர் கேட்டு முடித்ததும் இவள் அதே குரலில் அதே சொல்லை மறுபடி சொன்னாள். கூட்டம் சலசலத்தது. டான் காஸ்பாரின் மகன் இனிகோ நோட்டரியிடம் குனிந்து, வழக்கம்போல் எழுதி முடியுங்கள் என்றான். அந்த நோட்டரி ரோசால்பா என்ற பெண். ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாருக்குப் பயப்பட வேண்டும் என்று இன்னும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிர்த்தால் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறதே என்று, பலகையில் உள்ள அதே விதிகள் எழுதியிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பிஷப் எட்டிப் பார்த்தார். தொலைக்காட்சிக்காரர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்கள்.

எர்மெலிந்தா சொன்னாள், "எழுபத்தொண்ணுல இதே கல்லுல என் தம்பி செஃபெரினோ யாபுரா மூச்சு முட்டிச் செத்தான். இந்த மனுஷன் அதப் பார்த்தார். பார்த்துட்டு மேல படிச்சார். அத எழுதுங்க."

டான் காஸ்பாருக்கு முகம் வெளுத்தது. ஆனால் குரல் பிசகவில்லை. பாவம், அந்தத் துக்கம் அவளை விடவில்லை, அன்றைக்குக் கண்ணில் வெயில், கடவுளுக்குத் தெரியும் என்று பிஷப்பைப் பார்த்துச் சொன்னார். பிஷப்பும் தலையாட்டினார். நோட்டரி பேனாவைப் பிடித்தபடி, கண்டவர் இன்னொருவர் இருக்கிறாரா என்று எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

பன்னிரண்டு வாய்களிலும் ஒயின் இருந்தது. மூன்றாவது கேள்வி முடிந்துவிட்டது, விழுங்கலாம். ஒருவரும் விழுங்கவில்லை. விழுங்கினால் பேச வேண்டிவரும். எர்மெலிந்தா என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் பார்த்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் தரையைப் பார்த்திருப்பேன். அவள் பார்க்கவில்லை. நேராக டான் காஸ்பாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் என் மகள் நின்றாள். எந்தப் பிள்ளையைச் சாக்காக வைத்து அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேனோ அந்தப் பிள்ளை. அவளுக்கு இருபத்தோரு வயது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், அப்பாவுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

விழுங்க எனக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். ஒயின் தாடை வழியாக வெள்ளைச் சட்டையில் வழிந்து, இடுப்புவரை நனைத்தது.

"வெயில் அவர் முதுகுல அடிச்சுது" என்றேன். "வரி மேல விரல வச்சுக்கிட்டு அவனப் பார்த்தார். அப்புறம் படிச்சார். நான் பக்கத்துல நின்னேன். நானும் பார்த்தேன், நானும் குனியல. அதையும் எழுதிக்கோங்கம்மா."

நோட்டரி எழுதினார். அந்தச் சதுக்கத்தில் அவ்வளவு பேர் இருந்தும் பேனா கீறும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. எழுதி முடித்து, படித்துக் காட்டி, புத்தகத்தை டான் காஸ்பார் பக்கம் திருப்பி வைத்தார்.

அதுவரை எனக்கே உறைக்காத விஷயம் அப்போதுதான் உறைத்தது. கையெழுத்து இல்லாத பக்கம் செல்லாது. செல்லாத பக்கம் விழுந்தால் நானூற்றுப் பத்தொன்பது வருடம் ஒரு வருடம்கூட விடாத சங்கிலி அறுந்துபோகும். அதுதான் அந்தக் குடும்பத்தின் ஒரே சொத்து என்றாலும் தப்பில்லை. திராட்சைத் தோட்டத்துப் பத்திரத்திலிருந்து மதகு வழக்குவரை எல்லாவற்றுக்கும் அவர்கள் நீட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான். இனிகோ அப்பாவின் காதில் ஏதோ சொன்னான். கிழித்துவிடுங்கள் என்றானோ, போடுங்கள் என்றானோ. கிழவர் நெடுநேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிழித்துப் போட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கிழித்தால் அவருக்கும் கொஞ்சம் மானம் இருந்தது என்றாவது ஆகும்.

அவர் கையெழுத்துப் போட்டார். சுழித்து, கீழே கோடு இழுத்து, வழக்கமாகப் போடும் அதே கையெழுத்து.

அடுத்த வாரமே மதகில் பழுது வந்தது. ஒன்பது நாள் பொறுத்தோம். பத்தாம் நாள் அக்கரை முழுக்கக் கடப்பாரையோடு தோட்டத்துக்குள் போய், நாங்களே பழுது பார்த்துவிட்டு வந்தோம். தொலைக்காட்சியில் நாடே பார்த்த பிறகு போலீஸுக்கு எங்களைத் தடுக்க என்ன முகம் இருக்கிறது.

இனி எர்மெலிந்தாவுக்கும் எனக்கும் பகை தீர்ந்தது என்று நினைத்தேன். விழாவுக்கு மறுநாள் காலை பட்டறையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். ஆப்பி வரவில்லை. வேலை அதிகமோ என்று நானே கடைக்குப் போய், காசை நீட்டி ஒரு கோப்பை கேட்டேன். அவள் காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இத்தன வருஷம் கேள்வி கேக்கத்தான் குடுத்தேன்ணே. கேள்வி முடிஞ்சுது. நீயும் பார்த்துக்கிட்டு நின்னவன்தான், ஒனக்கு நான் விக்கிறதில்ல" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒரு சந்தையே வேடிக்கை பார்த்தது. எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னதற்கு இதுதானா என்று. இரண்டு மூன்று நாள் அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பிறகு அது தானாகக் கரைந்துபோனது. அவள் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

1994 ஜூன் பதினொன்று. டான் காஸ்பாருக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்தார்கள். வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் இனிகோ. சட்டை அவனுக்குத் தோளில் தொளதொளத்தது. கிழவர் தன் வீட்டு மாடி ஜன்னலுக்குப் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது சதுக்கத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. இந்த வருடம் பழைய பக்கத்தைப் படிக்க வேண்டாம், நேரமாகிறது என்று விழாக் குழுவில் யாரோ சொல்லிப் பார்த்தார்களாம். படிக்காமல் தொடங்கினால் நான் எழுத மாட்டேன் என்று நோட்டரி சொல்லிவிட்டார்.

அந்த வருடம் ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். எர்மெலிந்தா வரிசையில் நிற்க வரவில்லை. அவள் இடத்தை அக்கரையே காலியாக விட்டது. அவள் கூட்டத்தின் முன்னால், கடையிலிருந்து கொண்டுவந்த முக்காலியில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இனிகோ புத்தகத்தைத் திறந்தான். மைக்கிலிருந்து ஓரடி விலகி நின்றுகொண்டு, தலையைக் குனிந்து, முணுமுணுவென்று படிக்கத் தொடங்கினான். முதல் வரிசையில் இருந்த எங்களுக்கே ஆண்டும் தேதியும்தான் புரிந்தன. அவன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். பாதிப் பக்கம் தாண்டியிருப்பான்.

எர்மெலிந்தா முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"கேக்கல. சத்தமாப் படி தம்பி, மொதல்ல இருந்து."

இனிகோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நோட்டரியைப் பார்த்தான். மாடி ஜன்னலைப் பார்த்தான். அங்கிருந்து ஓர் உதவியும் வரவில்லை. எர்மெலிந்தா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். அவன் மைக்கைக் கிட்டே இழுத்து, தன் அப்பா செய்ததை முதல் வரியிலிருந்து படித்தான்.